கடைசி சீட்ல ஒரு செருப்பு

"உன் வாயால வர்றது தங்கமாவே இருக்கட்டும்டா, எனக்கு வேணாம். வந்த வழியப் பாத்துப் போ."

"ஒரே ஒரு விஷயம்ண்ணே. சொல்லிட்டுப் போயிடறேன். அப்புறம் இந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டேன்."

"செய்றதையும் செஞ்சுட்டு எங்களுக்குப் பாடம் எடுக்க வந்துட்டியா நீ?"

ஸ்கூல் வேனுங்க நிக்கிற மைதானத்துக்கு ஒரு தகரக் கதவு. அதுக்கு அந்தப் பக்கம்தான் இந்தச் சண்டை. இந்தப் பக்கம் டயர்ல காத்து சரியா இருக்கான்னு குனிஞ்சு பாத்துக்கிட்டிருந்த அக்கா அப்படியே நின்னுட்டாங்க. ரெண்டு குரலும் அவங்களுக்குத் தெரிஞ்ச குரல்தான். விரட்டுறது மீசை. இருக்கறதுலயே பழைய டிரைவர், கோவம் வந்தா மீசைதான் முதல்ல துடிக்கும். கெஞ்சுறது ரேடியோ.

அக்காவப் பத்திச் சொல்லிடறேன். அந்த ஸ்கூல்ல வண்டிங்களுக்கெல்லாம் அவங்கதான் பொறுப்பு. எந்த வேன் எந்தத் தெருவுக்குப் போகணும், யாரு லீவு, எந்த பிரேக் கிறீச்சுனு கத்துது, எல்லாம் அவங்க தலைலதான். ஒரு டிரைவர் வரலைன்னா தானே ஏறி ஸ்டியரிங்கப் பிடிச்சுருவாங்க. டிரைவர்ங்க, ஆயாங்க, பிரின்சிபல் மேடம் எல்லாருக்குமே அவங்க அக்காதான். மேடம் அவங்களவிட வயசுல பெரியவங்கங்கறது வேற விஷயம்.

ரேடியோவும் முன்னாடி இங்க டிரைவராத்தான் இருந்தான். வாய் மூடவே மூடாது, அதான் அந்தப் பேரு. வண்டி ஓட்டிக்கிட்டே பிள்ளைங்களுக்குக் கதை சொல்லுவான், பாடுவான், சிங்கம் மாதிரி உறுமுவான். பிள்ளைங்க அவன் வண்டிக்குத்தான் அடிச்சுக்கும்.

அப்படிப்பட்டவன் ஒரு நாள் காலைல எல்லாப் பிள்ளைங்களையும் இறக்கி விட்டுட்டு, வண்டிய மைதானத்துல வெயில்ல நிறுத்தி, பூட்டிட்டுப் போயிட்டான். அன்னைக்கு ஆயா லீவு. கடைசி சீட்டுக்குக் கீழ ஒரு பிள்ளை சரிஞ்சு தூங்கிக்கிட்டிருந்தது. வண்டி கழுவ வந்த அம்மா கண்ணாடில ஒரு சின்னக் கையப் பாத்து கூச்சல் போட்டதால பிள்ளை பிழைச்சுச்சு. ஆஸ்பத்திரில கிடந்து, தேறி, வீட்டுக்கு வந்துச்சு. ஆனா அதுக்கப்புறம் எந்தக் கதவச் சாத்தினாலும் அழுகை. பாத்ரூம் கதவுகூடத் திறந்தே இருக்கணும்.

அந்தப் பிள்ளை அக்காவோட தங்கச்சி பொண்ணு.

இப்போ புரியுதா, அக்கா ஏன் டயர் பக்கத்துலயே நின்னாங்கன்னு. தங்கச்சி காதுக்கு இவன் வந்தது போனா என்ன ஆகும்னு ஒரு பயம். அதவிட, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்தான்னு ஒரு ஆத்திரம். மீசை கதவ அறைஞ்சு சாத்தினதும், அக்கா பின்பக்கமா வெளிய வந்து, தெருத் திருப்பத்துல அவனப் பிடிச்சாங்க.

நல்லாத் திட்டினாங்க. இன்னொரு தடவை இந்தத் தெருவுல பாத்தேன்னா மரியாதை கெட்டுரும்னாங்க. அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டு எல்லாத்தையும் வாங்கிக்கிட்டான். ஆளு பாதியா இளைச்சிருந்தான். ஏதோ கிடங்குல மூட்டை தூக்குறானாம். பேச்சே குறைஞ்சு போச்சு. அவங்க மூச்சு வாங்க நின்ன நேரத்துல, நடுவுல ஒரு பொருளக் கீழ வைக்கற மாதிரி மெதுவாச் சொன்னான்.

"அக்கா, வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி டிரைவர் தன் இடது கால் செருப்பக் கழட்டி கடைசி சீட்ல வச்சுரணும். ஓட்டி முடிச்சு இறங்கணும்னா செருப்பு வேணும். எடுக்கணும்னா கடைசி சீட்டு வரைக்கும் நடக்கணும். அவ்வளவுதான். நீங்களே செஞ்சு பாருங்க."

சொல்லிட்டுப் போயிட்டான். நில்லுன்னு சொல்லக்கூட அக்காவுக்குத் தோணல.

அந்த வாரம் முழுக்க அக்காவுக்குத் தூக்கம் சரியில்ல. ஸ்கூல்ல அந்தச் சம்பவத்துக்கப்புறம் ஒண்ணும் செய்யாம இல்ல. மேடம் ஒரு தாள் போட்டாங்க, வண்டியப் பாத்துட்டேன்னு டிரைவர் தினம் கையெழுத்துப் போடணும்னு. நம்ம ஆளுங்க திங்கக்கிழமையே வெள்ளி வரைக்கும் போட்டு வச்சுட்டாங்க. கேட்டா, மை காயறதுக்குள்ள போட்டாத்தான் கையெழுத்து ஒரே மாதிரி வரும்னாரு ஒருத்தர். அந்த லட்சணத்துல இருந்துச்சு பாதுகாப்பு. அந்தத் தாளையும் ரேடியோ சொன்னதையும் பக்கத்துல வச்சுப் பாத்தா அக்காவுக்கே வெக்கமா இருந்துச்சு. அது ஏன் அவன் வாயிலருந்து வந்து தொலைச்சுதுன்னுதான் எரிச்சல். வேற எவனாவது சொல்லியிருக்கக் கூடாதா?

ஒரு டிரைவர் லீவு போட்ட அன்னைக்கு அக்காவே வண்டி எடுத்தாங்க. யாருக்கும் தெரியாம இடது செருப்பக் கடைசி சீட்ல வச்சாங்க. பிள்ளைங்கள இறக்கி, வண்டிய நிறுத்தி, மத்தியானத்துக்கு எந்த ஆயாவ எங்க அனுப்பறதுங்கற யோசனையிலயே கதவத் திறந்து கீழ கால வச்சாங்க. வெறுங்கால்ல தரை சுரீர்னு சுட்டுச்சு. கால தூக்கிட்டாங்க. மனசு எங்கயோ இருந்தாலும் கால் இங்க இருந்துச்சு. நொண்டிக்கிட்டே கடைசி சீட்டு வரைக்கும் போனாங்க. போற வழியில ஒவ்வொரு சீட்டுக்குக் கீழயும் கண்ணு தானாப் போச்சு. செருப்ப எடுத்துக் கையில வச்சுக்கிட்டு அங்கயே உக்காந்துட்டாங்க. இத அன்னைக்கு அவன் செஞ்சிருந்தா. அவ்வளவுதான் நினைச்சாங்க. அதுக்கு மேல நினைக்க முடியல.

மறுநாள் டிரைவர்ங்கள நிறுத்தி வச்சு விஷயத்தச் சொன்னாங்க. எல்லாருக்கும் சிரிப்பு. ஒத்தக் கால்ல தவமா அக்கான்னு ஒருத்தர். கால் நாத்தத்துக்குப் பின்சீட்டுப் பிள்ளைங்க மயங்கி விழுந்தா அதுக்கு யாரு பொறுப்புன்னு இன்னொருத்தர். மீசை மட்டும் சிரிக்கல. நல்லா இருக்கே, யாரு யோசனை இதுன்னு கேட்டாரு.

அந்த ஒரு நொடிதான். உண்மையச் சொன்னா செருப்போட சேத்து யோசனையையும் மைதானத்துக்கு வெளிய வீசிருவாங்கன்னு அக்காவுக்குத் தெரியும். யோசனை நல்லதா இல்லையா, அதப் பாத்தாப் போதாதா, அதுக்கு அப்பன் யாரு ஆத்தா யாருன்னு எதுக்குப் பாக்கணும்னு மனசுக்குள்ள ஒரு சமாதானம் ஓடுச்சு.

"நாந்தான் யோசிச்சேன்"னாங்க.

மீசை எல்லாரையும் பாத்து, மூளைன்னா இது மூளைடா, கத்துக்கங்கடான்னாரு. அன்னைக்கே எல்லா வண்டியிலயும் செருப்பு ஏறிருச்சு.

விஷயம் தங்கச்சி காதுக்குப் போச்சு. அதுவரைக்கும் தங்கச்சி பிள்ளைய நடத்தியேதான் ஸ்கூலுக்குக் கூட்டிட்டு வருவா, பாதி தூரம் இடுப்புல. ஒரு சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்து, அவங்க கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா. அப்புறம், நீ கண்டுபிடிச்சதுங்கறதால எனக்குத் தைரியம் வந்துருச்சுக்கா, நாளைலருந்து வேன்ல அனுப்பறேன்னா. பிள்ளையும் முதல் நாள் அழுதுச்சு, ரெண்டாம் நாள் முனகுச்சு, அப்புறம் கடைசி சீட்டு எனக்குன்னு சண்டை போட ஆரம்பிச்சுருச்சு. மீசையோட வண்டிதான். தங்கச்சி பாக்கறவங்ககிட்டயெல்லாம், காய்கறிக் கடைல, டாக்டர்கிட்டன்னு, எங்கக்கா எங்கக்கான்னு ஒரே பெருமை.

அக்காவோ யாராவது பாராட்டினா எழுந்து அடுப்படிக்குப் போயிருவாங்க. வீட்டுக்காரரு, உனக்கென்ன அடக்கம் ரொம்ப முத்திப் போச்சான்னு கிண்டல் பண்ணினாரு. அவர்கிட்டயும் சொல்லல.

இப்படியே போயிருந்தா நான் இத எழுதவே வேண்டியதில்ல.

ஒரு காலைல அக்கா மீசையோட வண்டி வந்து நிக்கறதப் பாத்தாங்க. கதவு திறந்ததும் முதல்ல கீழ குதிச்சது அவங்க தங்கச்சி பொண்ணு, கையில மீசையோட செருப்பு. நேரா டிரைவர் கதவுக்கு ஓடுனா. மீசை கால நீட்டினாரு, அவளே மாட்டி விட்டா. அவரு அவ தலைய ஆட்டிச் சிரிச்சாரு. பின்னாடியே ரெண்டு பிள்ளைங்க, இன்னைக்கு என் முறைன்னு அழுதுக்கிட்டு. பாக்க அவ்வளவு அழகு. அக்காவும் ஒரு நிமிஷம் சிரிச்சுட்டாங்க. அப்புறம் சுருக்குனு பட்டுச்சு. செருப்பு வந்துருச்சு, ஆளு பின்னால போகவே இல்ல. எடுத்துட்டு வர்ற பிள்ளை முழிச்சிருக்கற பிள்ளை. தூங்கற பிள்ளை?

போய்க் கேட்டாங்க. மீசைக்கு மனசே வருத்தமாயிருச்சு. பிள்ளைங்க பாசமா கொண்டு வந்து குடுக்குதுங்க, வேணாம்னு தட்டி விடச் சொல்றீங்களான்னு கேட்டாரு. மத்த வண்டிங்களையும் ஏறிப் பாத்தாங்க. ஒருத்தர் ஒரு பிஞ்சு போன செருப்பக் கம்பி போட்டுக் கடைசி சீட்டோடயே கட்டி வச்சிருந்தாரு. கால்ல முழு ஜோடி இருந்துச்சு. செருப்பு இருக்கணும்னீங்க, இருக்குல்லன்னாரு, உண்மையாவே புரியாம.

அக்கா கத்தினாங்க. எல்லாரும் தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. கொஞ்ச நாள் சரியாப் போச்சு. மறுபடியும் அதே கதை. கடைசில மீசைய உக்கார வச்சு, ஏன்ணே இப்படின்னு கேட்டாங்க. அவரு மறைக்காமச் சொன்னாரு.

"அக்கா, உங்க மேல மரியாதை இருக்கு, அதான் செருப்ப வைக்கறோம். மத்தபடி நாங்க என்ன அந்தப் பய மாதிரியா? எங்களுக்கெல்லாம் மறக்காதுக்கா."

அங்கதான் அக்காவுக்கு மனசு உடைஞ்சுச்சு. இவங்க கண்ணுல மறதிங்கறது அந்த ஒருத்தனோட குணம். அவனத் துரத்தியாச்சு, அதோட மறதியும் வெளிய போயிருச்சு. பொறுப்பான அக்கா சொன்னதுன்னா அது பொறுப்பில்லாத வேற எவனுக்கோ. தனக்கு இல்ல. தான் அந்த யோசனைய அவன்கிட்டருந்து பிடுங்கி, தூசி தட்டி, தன் பேர ஒட்டி வச்சப்போ, அதுல இருந்த உயிரையும் சேத்துத் தட்டி விட்டுட்டமோன்னு தோணிருச்சு.

அப்போ அவனக் கூப்பிட்டு வந்து நிறுத்தணும். வேற வழி தெரியல. ஆனா அதுக்கு முன்னாடி தங்கச்சிகிட்ட சொல்லணும்.

சொன்னாங்க. தங்கச்சி துணி மடிச்சுக்கிட்டிருந்தா. பிள்ளையோட சட்டை ஒண்ணு கையில. முழுசாக் கேட்டா. அப்புறம் அந்தச் சட்டைய மடிச்சா, பிரிச்சா, மறுபடி மடிச்சா.

"இத்தன நாளா என் பிள்ளை அவன் பேச்ச நம்பியா போய் வந்துச்சு?"

யோசனை சரியா இருக்கேடி, நீயேதானே நல்லா இருக்குன்னன்னு அக்கா சொல்லிப் பாத்தாங்க.

"சரியா இருக்கறதுதான்க்கா எனக்கு எரியுது. அவன் புத்திசாலி ஆகறதுக்கு என் பிள்ளைதான் கெடச்சாளா? அவ வெயில்ல வெந்ததுலருந்து அவனுக்கு ஒரு யோசனை கெடச்சிருக்கு. நாளைக்கு எல்லாரும் பாவம் திருந்திட்டான்பாங்க. அவளுக்கு என்ன கெடச்சுது? கதவச் சாத்துனா அழுகை."

அதுக்கு அக்கா, அவனக் கூப்பிடப் போறேன்னு மட்டும் சொன்னாங்க. தங்கச்சி எழுந்து, அவன அந்த மைதானத்துக்குள்ள விட்டேன்னா நான் உன் வீட்டுப் படி மிதிக்க மாட்டேன்னா. கத்தல. கத்தியிருந்தாப் பரவாயில்ல.

வீட்டுக்கு வந்து அக்கா ரூமுக்கும் அடுப்படிக்குமா நடந்துக்கிட்டே இருந்தாங்க. பேசாம அந்தச் செருப்ப நிறுத்திட்டா என்னன்னுகூட யோசிச்சாங்க. தங்கச்சி இருப்பா, பிள்ளை வீட்டுக்கு வரும், ராத்திரி தூக்கம் வரும். ஆனா மறுநாள் காலைல மீசையோட வண்டி பின்சீட்ல ஒரு பிள்ளை வாயப் பொளந்து தூங்கிக்கிட்டிருக்கறதக் கண்ணால பாத்தாங்க. ஆயாதான் தூக்கிட்டு இறங்கினா. ஆயா லீவு போடற நாளும் வரும்ல.

சனிக்கிழமை மத்தியானம், பிள்ளைங்க இல்லாத நேரமாப் பாத்து ரேடியோவ வரச் சொன்னாங்க. டிரைவர்ங்க ஷெட்ல உக்காந்திருந்தாங்க. அவன் உள்ள வந்ததும் ரெண்டு பேர் எழுந்துட்டாங்க. அக்கா முதல்லயே சொல்லிட்டாங்க, செருப்பு யோசனை என்னுது இல்ல, இவனுது, நான் பொய் சொன்னேன்னு. மீசை அக்காவப் பாத்த பார்வை இருக்கே. அவங்க நேராப் பாக்கல.

ரேடியோ மன்னிப்புக் கேக்கல. கேட்டா அடிச்சிருப்பாங்களோ என்னமோ. தரையப் பாத்துக்கிட்டுப் பேசுனான்.

"நான் மறந்துட்டேன்னு சொல்றீங்க. மறந்திருந்தா எங்கயாவது ஒரு ஓரத்துல உறுத்தியிருக்கும்ண்ணே. எனக்கு அவ இறங்குனது ஞாபகம் இருக்கு. நீலப் பை, அதுல தொங்கற தண்ணி பாட்டில், குதிச்சு இறங்குனா, எனக்கு டாட்டா காட்டுனா. போலீஸ்ல கேட்டப்பவும் அதத்தான் சொன்னேன், சத்தியமா இறங்குனான்னு. இப்பவும் கண்ணுக்குள்ள இருக்கு. அது முந்தின நாள்ண்ணே. முந்தின நாளத் தூக்கி என் மனசு அன்னைக்குள்ள வச்சுருச்சு. நான் சந்தோசமாப் பூட்டிட்டுப் போனேன்."

அவன் இன்னும் ஒண்ணுதான் சொன்னான். நல்ல ஞாபகம் இருக்கறவன்தான் பயப்படணும், ஏன்னா அவன் அத நம்பிருவான், கால் பொய் சொல்லாதுன்னு. அப்புறம் யாருகிட்டயும் சொல்லாம எழுந்து போனான்.

மீசை கொஞ்ச நேரம் தன் வண்டியவே பாத்துக்கிட்டிருந்தாரு. அப்புறம், இன்னைக்குக் காலைல என் வண்டில கடைசியா இறங்குன பிள்ளை யாருன்னு தனக்குத்தானே கேட்டுக்கற மாதிரிக் கேட்டாரு. ஒரு பேரச் சொன்னாரு. இல்ல இல்ல, அது நேத்துன்னாரு. அப்புறம் இன்னைக்குச் சனிக்கிழமை, ஸ்கூலே இல்லங்கறது ஞாபகம் வந்து, முகம் செத்துருச்சு.

திங்கக்கிழமை பிள்ளைங்க செருப்பத் தூக்கிட்டு வந்தப்போ, அவரு வாங்கி மறுபடி கடைசி சீட்லயே கொண்டு போய் வச்சாரு. எல்லாரும் இறங்குனதும் ஒத்தக் கால் வெறுங்காலா உள்ள போனாரு. ஒவ்வொரு சீட்டுக்குக் கீழயும் குனிஞ்சு பாத்தாரு. கம்பி கட்டுன ஆளு கம்பிய அவுத்தாரு. எல்லாருமே மாறிட்டாங்கன்னு சொல்ல மாட்டேன். ஒரு டிரைவர், அவன் மூஞ்சியப் பாத்ததுலருந்து எனக்குச் சோறு இறங்கல, இனிமே அவனக் கூப்பிட்டா நான் வேலைக்கு வர மாட்டேன்னு சொல்லிட்டாரு. செருப்ப மட்டும் வைக்கறாரு.

அன்னைக்கு மீசை வண்டில கடைசி சீட்டு காலியா இருந்துச்சு. தங்கச்சி பிள்ளைய நடத்திக் கூட்டிட்டு வந்தா. வெயில்ல, பாதி தூரம் இடுப்புல. கேட்ல அக்கா நின்னாங்க. அவ வேற பக்கம் பாத்துக்கிட்டே பிள்ளைய உள்ள விட்டா. பிள்ளை மட்டும் திரும்பித் திரும்பிப் பெரியம்மாவப் பாத்துச்சு.

ரொம்ப நாள் கழிச்சு, அக்கா பண்ணின போன தங்கச்சி ஒரு தடவை எடுத்தா. நீ சொல்லாம இருந்திருந்தா என் பிள்ளை இன்னைக்கும் வேன்ல போயிருக்கும்லன்னு கேட்டா. சொல்லாம இருந்திருந்தா அந்த வேன நம்ப முடியாதுடின்னு அக்கா சொன்னாங்க. அதோட ரெண்டு பேரும் போன வச்சுட்டாங்க.

இப்போ மேடத்துக்கு இந்தச் செருப்பு முறை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. பக்கத்து ஸ்கூல்களுக்கும் சொல்லலாம், ஆனா அந்த ஆளு கதை எதுக்கு, பேரு இல்லாம யோசனைய மட்டும் குடுப்போம்னாங்க. குடுத்தா கதையோட குடுங்க, இல்லாட்டி ஒரு மாசத்துல அங்கயும் பிள்ளைங்கதான் செருப்பு தூக்கும்னு அக்கா சொல்லிட்டாங்க. கதையோட போனா தங்கச்சி காதுக்கும் போகும்னு தெரிஞ்சேதான் சொன்னாங்க. சொல்லிட்டு வந்து அன்னைக்குச் சாப்பிடல.

எனக்கு அக்கா செஞ்சதுதான் சரின்னு படுது. ஆனா பிள்ளைக்கு என்ன கெடச்சுதுன்னு தங்கச்சி கேட்ட கேள்விக்கு என்கிட்டயும் பதில் இல்ல. படிக்கறவங்கள்ல ஸ்கூல் வண்டி ஓட்டறவங்க இருப்பீங்க, பிள்ளைய வண்டில ஏத்தி அனுப்பறவங்க இருப்பீங்க. அது உங்க பிள்ளையா இருந்து, யோசனை அவனுதுன்னு தெரிஞ்சா, நீங்க ஏத்துவீங்களா மாட்டீங்களா? லைக் போட்டுட்டுப் போயிராதீங்க. மனசுல பட்டத கீழ எழுதுங்க, திட்டறதா இருந்தாலும் பரவாயில்ல.